நடுக்கடலில் ஒரு திண்டுக்கல் பூட்டு

என் வீட்டுக்காரர் தங்கராசுவுக்குத் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை. எனக்கு அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை. அவருக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை, எனக்கு விசிலின் மேல் நம்பிக்கை. இந்த இரண்டு நம்பிக்கைகளையும் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சண்டை போட்டபடியே நன்றாகத்தான் குடித்தனம் நடத்தினோம். மாலத்தீவுக்குப் போன இடத்தில், ஒரே சாயங்காலத்தில், இரண்டும் எங்களைக் கைவிட்டன.

எங்கள் மகள் கயல் அங்கே ஒரு சின்னத் தீவில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். வந்து பார்க்காவிட்டால் இனிமேல் போனே எடுக்க மாட்டேன் என்று மிரட்டினாள். கூடவே ஒரு கொக்கியும் போட்டாள். "இங்க கடலுக்கு அடியில போயிப் பாக்கலாம்மா. நீங்க ரெண்டு பேரும் கிணத்துல குதிச்சு வளந்த ஆளுக. செத்த நேரத்துல கத்துக்கிடுவீங்க."

அது உண்மைதான். நான் சேவுகம்பட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள். அவர் நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணற்றில். கிணறு நிறைந்திருந்தால் மோட்டார் அறையின் மேலிருந்தே குதிப்பாராம். குதித்ததைப் பார்த்த சாட்சி யாரும் இதுவரை கிடைக்கவில்லை.

முதல் வம்பு விமான நிலையத்திலேயே வந்தது. சோதனை வாசலுக்குள் அவர் நுழைந்ததும் கீச்சென்று சத்தம். பர்ஸ், பெல்ட், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றியும் சத்தம் நிற்கவில்லை. காவலர் தடவிப் பார்த்துவிட்டு இவர் இடுப்பில் கை வைத்து நின்றார். உள்ளே அரைஞாண் கயிற்றில் ஊக்குப் போட்டு ஒரு சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. கடைச் சாவி, பீரோ சாவி, வீட்டு வாசல் சாவி, பெட்டிச் சாவிகள். எந்தச் சாவியையும் அவர் சட்டைப் பையில் வைத்து நான் பார்த்ததில்லை.

"பை கிழியும், பர்ஸ் தொலையும். இடுப்பு எங்கிட்டுப் போயிரும்?" என்பது அவர் வாதம்.

காவலர் இந்திக்காரர். அவர் சக காவலரிடம் சொன்னதன் பொருள் இவ்வளவுதான்: "இந்த ஆளைக் கடத்தினால் ஒரு ஊரையே திறக்கலாம்."

தலைநகரில் இறங்கியது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தீவுகளுக்குப் படகு இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும். இங்கே ஒரு நாளே போய்விட்டது. மறுநாள் படகுத்துறையில் காத்திருந்தபோது அவர் எங்கள் பெட்டியைத் துறையின் இரும்புக் குழாயோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். படகு வந்தது, எல்லோரும் ஏறினார்கள். சாவியை எடுக்க அவர் கழிப்பறைக்கு ஓடினார். இடுப்பில் இருக்கிற சாவியைப் பத்துப் பேர் பார்க்க எடுக்க முடியாதல்லவா? கேப்டன் கத்தினார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். "பெட்டியைத் திருடிக்கொண்டு ஒருவன் எங்கே ஓடுவான் என்று கேட்கிறார். நாலு பக்கமும் கடல்."

கயலின் தீவை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நடக்க, நம் ஊர் மலைக்கோட்டையைச் சுற்றுகிற நேரம்கூட ஆகாது. மணல் தெரு, பவளக்கல் சுவர். தெருமுனையில் கம்பிச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய நாற்காலிகள். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஊரே சாயங்காலம் அதில் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அந்த ஊருக்கும் உடனே ஒத்துப்போனது.

அவருக்குத்தான் ஒத்துப்போகவில்லை. அந்தத் தீவில் யாரும் எதையும் பூட்டுவதில்லை. சைக்கிள் சும்மா நிற்கிறது. கடைக்காரர் தொழுகைக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். கயல் குடியிருந்த வீட்டுக் கதவில் கொண்டியே இல்லை.

"கொண்டி இல்லையா?" அவர் கதவைத் தடவிப் பார்த்தார். "பொம்பளப் புள்ள தனியா இருக்க வீட்டுல கொண்டி இல்லையா?"

"காத்துக்குத் தொறந்துக்கிடாம ஒரு கல்லு வச்சிருக்கேன்ப்பா," என்றாள் கயல்.

அன்று முழுவதும் அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலைச் சாப்பாடு மீன். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து, மெல்லிய சப்பாத்தியோடு தருகிறார்கள். காலங்காத்தால மீனா என்று அவர் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழனிப் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் ருசி பார்த்தார். மூன்றாம் நாள், "நம்ம ஊர்ல பிரியாணிக்கு முன்னால இத ஒரு கை குடுத்தா என்ன?" என்று வியாபாரம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷிஃபான் என்ற இளைஞர். ஒல்லி உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் ஆங்கிலத்தில் பேசியதை எல்லாம் தமிழில் தருகிறேன். முதலில் நீந்திக் காட்டச் சொன்னார். படகுத்துறையிலிருந்து தூரத்தில் மிதக்கிற மஞ்சள் உருண்டை வரைக்கும் நேராக நீந்த வேண்டும். நான் பள்ளிக்கூடப் போட்டிகளுக்காக நீச்சல்குளம் பார்த்தவள், நேராகப் போய் வந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீரில் விழுந்தார், கையை வீசினார், அழகாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். மறுபடி அனுப்பினால் மறுபடி வட்டம்.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்று ஷிஃபான் என்னைக் கேட்டார்.

கிணற்றில் பழகியவர்கள் அப்படித்தான். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றித்தான் நீந்துவார்கள். சுவர் இல்லாவிட்டாலும் கை கால் அந்தச் சுவரைத் தேடும். இதை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. கேட்டுவிட்டு ஷிஃபான் சொன்னார்: "பரவாயில்லை. தூரமாவது சரியாக இருக்கிறது."

அதற்குப் பிறகு பாடம். முதுகில் காற்றுச் சிலிண்டர், உடம்பில் ரப்பர் உடுப்பு, அதன்மேல் காற்று ஊதி மிதக்கிற ஜாக்கெட், இடுப்பில் நம்மைக் கீழே இழுக்க ஈயக்கட்டி கோத்த பெல்ட். எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஷிஃபான் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் மேலே வருகிறீர்கள். படகைக் காணவில்லை. என்ன செய்வீர்கள்?"

"போன் பண்ணுவேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஷிஃபான் பொறுமைசாலி. ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுங்கள், ஈய பெல்ட்டைக் கழற்றி விடுங்கள், ஒருவரை ஒருவர் விடாதீர்கள், படகைத் துரத்தாதீர்கள், முகக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜாக்கெட்டில் ஒரு விசிலும் தொங்குகிறது என்று காட்டினார். நான் அதை ஏற்கனவே பார்த்து, ஊதிப் பார்த்து, சுமார் ரகம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

கடைசியாக ஒரு சுருட்டிய ஆரஞ்சு நிறக் குழாயை எடுத்தார். வாயால் ஊதினால் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கிறது. "அலைக்கு நடுவில் உங்கள் தலை ஒரு தேங்காய். யாருக்கும் தெரியாது. இதுதான் தெரியும். ஜோடிக்கு ஒன்று தருகிறேன். இதைத் தொலைத்தால் உயிரைத் தொலைத்த மாதிரி."

அன்றைக்கே எங்கள் குழாய் தொலைந்தது. என் வீட்டுக்காரர் ஜாக்கெட் பையின் ஜிப்பைச் சரியாக மூடவில்லை. கரையோரத்துத் தண்ணீரில் பழகும்போதே எங்கோ நழுவிப் போய்விட்டது. ஷிஃபான் முதல் தடவையாகச் சிரிக்காமல் இன்னொன்று கொடுத்தார். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. பத்திரத்துக்குப் பேர்போன தொழில் செய்கிறவரைப் பார்த்து ஒருவன் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டானே!

இரண்டு மூன்று நாள் ஆழம் குறைந்த இடங்களில் முங்கிப் பழகினோம். கடைசிப் பயிற்சி முடிந்து ஷிஃபான் கைகொடுத்தார்; இனி நாங்களும் முங்குகிறவர்கள்தான். மறுநாள் மதியம் பெரிய கடலுக்குக் கிளம்பினோம். படகை அங்கேயும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். கயலுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் அவள் வரவில்லை. தோணியில் ஜாக்கெட்டை மாட்டும்போதுதான் பார்த்தேன். அவருடைய பையின் ஜிப் முனையையும் பக்கத்து வளையத்தையும் சேர்த்து ஒரு குட்டிப் பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு, எங்கள் கடைச் சரக்கு.

"என்னங்க இது?"

"உயிரத் தொலைச்ச மாதிரின்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்ல? உயிர யாராச்சும் பூட்டாம வைப்பாங்களா?"

"அவசரத்துக்குத் தொறக்கணுமே?"

"சாவி எங்கிட்டத்தானடி இருக்கு."

அதற்குள் ஷிஃபான் குதிக்கச் சொல்லிவிட்டார். குழாய் இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். இவர் பையைத் தட்டிக் காட்டினார். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. பி.டி. டீச்சருக்கு இது அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கடலுக்கு அடியில் பார்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தைப்பூசத்துக்குப் பழனியில் கூட்டம் போகுமே, அப்படி மீன்கள் மஞ்சள் மஞ்சளாக ஒரே பக்கமாகப் போயின. ஒரு பெரிய திருக்கை சேலை காய்கிற மாதிரி மெதுவாக அசைந்து போனது. நீரோட்டம் எங்களை அள்ளிக்கொண்டு போக, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா போனால் போதும். எனக்கு இவ்வளவு சுகமாக ஒரு வாகனத்தில் போன ஞாபகம் இல்லை.

அப்போது ஒரு ஆமை வந்தது. ஆமையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குப் பக்தி வந்துவிட்டது. அதைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நீரோட்டம் ஷிஃபானையும் மற்றவர்களையும் பாறை முனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. இவரைப் பிடிக்க நான் திரும்பினேன். பிடித்து இழுத்துக்கொண்டு பார்த்தால் யாரும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடி ஒரு நிமிஷம் தேடினோம். அப்புறம் மெதுவாக, நடுவில் நின்று நின்று, மேலே வந்தோம்.

தோணி வெகுதூரத்தில், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஷிஃபானையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு பாறையின் அந்தப் பக்கத்தில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. நீரோட்டம் முனையில் இரண்டாகப் பிரிந்து எங்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது.

"ஜாக்கெட்டுல காத்த ஏத்துங்க," என்றேன். ஏற்றினார். "ஈயத்தக் கழட்டி விடுங்க."

"ஏய், நல்ல ஈயம்டி. கடல்ல போடச் சொல்ற?"

"கழட்டுங்கன்னா!"

"இரவல் சாமான்டி. அந்தத் தம்பி என்ன நெனைக்கும்?"

நானே கையை விட்டுக் கொக்கியைத் தட்டினேன். பெல்ட் கீழே போனது. ஒரு இரும்புக்கடைக்காரர் மனசோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நான் விசிலை எடுத்தேன். நம் மைதானத்தில் நான் ஒரு ஊது ஊதினால் ரோட்டில் போகிற ஆட்டோ நிற்கும். கன்னம் வலிக்க ஊதினேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சத்தம் என் காதுக்கே திரும்பி வந்தது. தோணியில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

தூரத்தில் தீவு பச்சைக் கோடாகத் தெரிந்தது. "நீ இரு, நான் நீந்திப் போயி ஆளக் கூட்டியாரேன்," என்று நான் தடுப்பதற்குள் கிளம்பிவிட்டார். தைரியமாகக் கையை வீசிப் போனார். போனவர் வளைந்தார். வளைந்து வளைந்து என் முதுகுப்பக்கம் வந்து முட்டினார்.

"போயிட்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

மூச்சு வாங்கியது அவருக்கு. நான் அவர் கையை என் கையோடு கோத்துக்கொண்டு, அலைக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்தினேன். திடீரென்று அவர் அலறினார். "காலுல ஏதோ கடிக்குது!" குனிந்து பார்த்தேன். அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பை அவரே இன்னொரு காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"குழாய எடுங்க," என்றேன்.

அவர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைத் தன் இடுப்புக்குக் கொண்டுபோனார். அங்கே ஜாக்கெட் இருந்தது. ஜாக்கெட்டுக்குள் ரப்பர் உடுப்பு. ரப்பர் உடுப்புக்குள் அரைஞாண் கயிறு. அரைஞாண் கயிற்றில் சாவி. ரப்பர் உடுப்புக்கோ ஜிப் முதுகில். முதுகில் சிலிண்டர்.

இரண்டு பேரும் தோணியைப் பார்த்தோம்.

நான் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், பல்லால் ஜிப்பைக் கடித்துப் பார்த்தேன். "அது வராது வசந்தா," என்றார் என் பெயரைச் சொல்லி, சோகமாக. ஆனால் அந்தச் சோகத்துக்கு அடியில் ஒரு பெருமை இருந்ததைக் கவனித்தேன். இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிற முகமாச்சே.

சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. இருட்டினால் ஆரஞ்சு நிறமும் தெரியாது. கயல் இந்நேரம் பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருப்பாள், அம்மாவும் அப்பாவும் மீன் பார்த்துவிட்டு வருவார்கள் என்று சப்பாத்தி போட்டு வைத்திருப்பாள் என்று நினைத்தேன். பயந்தேன். வெளியில் காட்டிக்கொள்ளாமல், ஆனால் ரொம்பவே பயந்தேன்.

"ஜாக்கெட்டக் கழட்டி முன்னால கட்டிப் புடிங்க," என்றேன். "கிணத்துல சுரைக்குடுக்கையக் கட்டிப் புடிப்பீங்கல்ல, அப்படி."

காற்று நிறைந்த ஜாக்கெட் சிலிண்டரோடு மிதந்தது. அதைக் கட்டிப்பிடித்துக் குப்புற மிதந்தார். நான் முதுகு ஜிப்பின் கயிற்றைப் பிடித்து இறக்கிவிட்டு, உள்ளே கையை விட்டேன்.

"ஏய்! கூசுதுடி!"

"சும்மா இருங்க!"

"கூசுதுன்னா! யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"யாராச்சும் பாத்தா நல்லதுதான!" என்று கத்தினேன்.

அரைஞாண் கயிறு கைக்கு அகப்பட்டது. ஆனால் சாவிக்கொத்து முன்பக்கம் வயிற்றுக்கு அடியில் இருந்தது. கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுத்தேன். அவர் துள்ளினார், சிரித்தார், கடல் தண்ணீரைக் குடித்தார், துப்பினார், மறுபடி சிரித்தார். உயிர் போகிற நேரத்தில் கெக்கேபிக்கே என்று சிரிக்கிற மனுசனைக் கட்டிக்கொண்டோமே என்று எனக்கு ஆத்திரம். கடைசியில் சாவிக்கொத்து ஒரு சுற்று வந்து முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தது. ஊக்கைக் கழற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் கையில் பிடித்ததில்லை.

முன்பக்கம் நீந்தி வந்து சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகினேன். ஒரே திருகு. கிளுக்.

"பாத்தியா?" என்றார் அவர், குடித்த உப்புத் தண்ணீர் மூக்கில் ஒழுக. "உப்புத் தண்ணியிலயும் எப்படித் தொறக்குது பாரு!"

அந்தப் பூட்டில் ஒரு விசேஷம். திறந்திருக்கும்போது சாவி வெளியே வராது. மறுபடி பூட்டினால்தான் வரும். சாவி தொலையக்கூடாது என்பதற்காக அவரே பார்த்துச் செய்யச் சொன்ன அமைப்பு. நான் ஜிப்பைத் திறந்து குழாயை உருவிய வேகத்தில் பூட்டு வளையத்திலிருந்து நழுவியது. பூட்டோடு சாவி, சாவியோடு மொத்தக் கொத்து. மஞ்சளாக ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு இறங்கியது.

"பூட்டு!" என்றார் அவர். மறுநொடி ஜாக்கெட்டை விட்டுவிட்டுத் தலைகுப்புற முங்கினார்.

நான் அவர் அரைஞாண் கயிற்றைப் பிடித்துவிட்டேன். இவ்வளவு காலம் அந்தக் கயிற்றைக் கேலி செய்தவள் நான். பிடித்து மேலே இழுத்தேன். தண்ணீரைத் துப்பிக்கொண்டு தலை வெளியே வந்தது.

"வீட்டுச் சாவிடி அது! கடைச் சாவி!"

"வீட்டுக்காரி இங்க மிதக்குறேன். வீட்டுச் சாவியத் தேடிப் போறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி அடங்கியது. திரும்பவும் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, "ஊது," என்றார்.

ஊதினேன். விசில் ஊதி ஊதி வளர்த்த நெஞ்சு இது. குழாய் விறைத்து எழுந்தது. அவர் அதன் அடியைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்க, அது தேர்க்கொடி மாதிரி நேராக நின்றது. இரண்டு பேரும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, குளிருக்கு ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு மிதந்தோம். அவர் என் தோளை விடவே இல்லை.

தீப்பெட்டி திரும்பியது. செருப்புப் பெட்டி ஆனது. தோணி ஆனது. முன்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு வந்தது ஷிஃபான். எங்களை இழுத்துப் போட்டதும் அந்தப் பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டது. அழுகை நின்றதும் கேட்டார்: "குழாயை உயர்த்த ஏன் இவ்வளவு நேரம்?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடக் கணக்கை நடுக்கடலில் தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஈரத்தலையோடு அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜிப் கொஞ்சம் இறுக்கம்," என்றேன்.

தோணியில் வைத்திருந்த எங்கள் பையில் துணி, துண்டு, தண்ணீர், பஞ்சாமிர்தம் எல்லாம் இருந்தன. பை பூட்டியிருந்தது. ஆகவே அவர் ரப்பர் உடுப்போடு, முதுகு ஜிப் பாதி திறந்தபடி தீவுக்குள் நடந்தார். கயிற்று நாற்காலிகளில் இருந்த ஊரே அவரைப் பார்த்தது. கயல் விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், அதற்கப்புறம் எங்கள் இருவரையும் வகுப்பில் நிறுத்துகிற மாதிரி நிறுத்தித் திட்டினாள். திட்டி முடித்துவிட்டுக் கத்தியால் எங்கள் பையின் ஜிப்பையும் பெட்டியின் ஜிப்பையும் அறுத்தாள். அன்று மீன் சாறு ஊற்றிச் சோறு சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூடக் கேட்காமல் அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

திண்டுக்கல் வந்து இறங்கியது காலை நேரம். பெட்டியைத் துணிக்கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். வீட்டு வாசலில் நின்றதும்தான் அடுத்த கூத்து புரிந்தது. எங்கள் வாசல் கதவில் தொங்குவது அவருடைய உசுரான பூட்டு. பார்க்கிறவர்களிடமெல்லாம், எந்தக் கொம்பனாலும் தொறக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி விற்ற ரகத்தில் முதல் பூட்டு. மாற்றுச் சாவி உண்டு. உள்ளே பீரோவில் இருக்கிறது.

நான் என் பள்ளிக்கூட விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். தெருவே வெளியே வந்தது. மனசு ஆறிப்போனது எனக்கு.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா இரண்டு நாற்காலியும் டீயும் கொண்டுவந்தார். "என்ன டீச்சர், கடல்ல மாட்டிக்கிட்டீங்கன்னு கயலு போன்ல சொல்லுச்சு. அங்க தப்பிச்சு வந்து இங்க மாட்டிக்கிட்டீங்களே!"

என் வீட்டுக்காரர் ஆக்சா பிளேடு வாங்கி வரச்சொல்லி அறுத்தார். பிளேடு உடைந்தது. இன்னொன்று. அதுவும் உடைந்தது. பக்கத்துத் தெருப் பூட்டு ரிப்பேர்காரர் கம்பியை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம சரக்கா? அப்ப முடியாது," என்று எழுந்துவிட்டார். ஒவ்வொரு தோல்விக்கும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வெயில் ஏறியது. ஷிஃபான் சொன்னதைத்தான் இங்கேயும் செய்தோம்: பிரியாமல் இருந்தோம், தெம்பை வீணாக்கவில்லை, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம். கடலில் இருந்ததைவிட எங்கள் வீட்டு வாசலில் அதிக நேரம் இருந்துவிட்டோம்.

மதியம் தச்சர் வந்தார். பூட்டைத் தொடவே இல்லை. கதவின் கீல்களைக் கழற்றி, நிலையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கி, கதவை மொத்தமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டார். பூட்டு பூட்டியபடியே அதில் தொங்கியது. நிலை விரிசல் விட்டிருந்ததால், புது மரம் வைத்துக் கதவு மாட்ட நாளைக்குத்தான் ஆகும் என்றார்.

மும்தாஜ் அக்கா பிரியாணித் தட்டை நீட்டியபடி அந்த ஓட்டையைப் பார்த்தார். "அண்ணே, கதவே இல்லையே. எப்படி இருப்பீங்க? எங்க வீட்டுக்கு வாங்க."

என் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார். ராத்திரி மூன்று தரம் எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிற மனுசன் அவர். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டுத்தான் தூக்கம் கலையும்.

"இருக்கட்டும் தங்கச்சி," என்றார். "வீட்டுக்காரி இருக்கால்ல."

சாப்பிட்டுவிட்டு, திறந்து கிடந்த வாசலுக்கு நேராகப் பாயை விரித்துப் படுத்தார். தலை சாய்ந்ததும் குறட்டை வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.